லீவில் நிற்கும் அத்தான்

அத்தியாயம் பதினொன்று

கொம்பியூட்டருக்குப் பேய் பிடிக்குமா என்று போன மாதம் யாராவது கேட்டிருந்தால் கௌசலா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது கேட்டால் சிரிக்கமாட்டாள். கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து இருக்கச் சொல்லுவாள்.

வியாழன் பின்னேரம் அவள் கண்ணால் கண்டது அப்படி. அவளுடைய அக்கா ஞானேஸ்வரி தன் கணவனுக்கு எழுதிய ஈ-மெயில்கள் எல்லாம் கார்த்திகை மாதத்திலிருந்து அவருடைய மெயில் பெட்டியில் தடித்த எழுத்தில் கிடந்தவை. தடித்த எழுத்து என்றால் இன்னும் யாரும் திறக்கவில்லை என்று அர்த்தம். வியாழன் பின்னேரம் பார்க்கிறாள், எல்லாம் மெலிந்து கிடக்கின்றன. ஒன்று மிச்சமில்லாமல் யாரோ வாசித்திருக்கிறார்கள்.

வாசிக்கவேண்டிய மனிதர் தில்லைநாதன். கௌசலாவின் அத்தான். கௌசலா வவுனியாவில் வேலை பார்க்கும் அதே நிவாரண நிறுவனத்துக்குப் புதுக்குடியிருப்பில் வெளிக்கள அதிகாரி. போன கார்த்திகையில் சண்டை தொடங்கிய அன்று, இடம்பெயர்ந்து வந்த சனத்தைப் பார்க்கவென்று ஒட்டுசுட்டான் பக்கம் பிக்கப்பில் தனியாகப் போனவர். போனவர்தான். ஆளும் இல்லை, பிக்கப்பும் இல்லை, பிக்கப்பில் இருந்த செய்மதித் தொலைபேசியும் இல்லை.

இரவு முழுக்கக் கௌசலாவுக்கு நித்திரை இல்லை. அக்காவிடம் சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். விடிந்தபோது வைரவபுளியங்குளத்து வாடகை வீட்டில் வேறொரு பூகம்பம் தயாராக இருந்தது.

"ஐயரோடை கதைச்சிட்டன்" என்றார் அப்பா சிற்றம்பலம், கதிரையில் இருந்தபடி. "ஞாயிற்றுக்கிழமை செய்யலாமாம். தர்ப்பையிலை ஒரு உருவம் செய்து, அதைத் தகனம் பண்ணி, மிச்சக் கிரியையும் முறைப்படி செய்துபோடலாமாம்."

"ஆருக்கு?" குசினிக்குள்ளிருந்து ஞானேஸ்வரி கேட்டாள்.

"ஆருக்கெண்டு கேக்கிறாய். உன்ரை மனிசனுக்குத்தான்."

அகப்பை சட்டியில் விழுந்த சத்தம் கேட்டது. ஞானேஸ்வரி வெளியே வந்தாள். தலை முழுகி, திருநீறு பூசி, நெற்றியில் வட்டமாகக் குங்குமம் வைத்திருந்தாள். கார்த்திகைக்குப் பிறகு அந்தப் பொட்டு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு வருகிறது என்று கௌசலாவுக்கு ஒரு எண்ணம். சொல்லத் துணிவில்லை.

"என்ரை மனிசன் செத்ததை நீங்கள் கண்டனீங்களே அப்பா?"

"அண்டைக்கு அந்தத் தெருவாலை வந்த லொறிக்காரன் கண்டவன். எரிஞ்ச பிக்கப்பையும் கண்டவன். அதுக்குள்ளை கிடந்ததைத் தெருக்கரையிலை குழி வெட்டித் தாட்டதையும் கண்டவன்."

"அது ஆரெண்டு அவனுக்குத் தெரியுமே? முகத்தைக் கண்டவனே?"

சிற்றம்பலம் கல்மனசுக்காரர் இல்லை. மருமகனை மகன் மாதிரி வைத்திருந்தவர். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பிள்ளை, ஆத்துமா அலையுது. திங்கள் துவக்கம் ஒரே கனவு. படலையடியிலை வந்து நிக்கிறார். 'உள்ளுக்கு வாங்கோ தம்பி' எண்டு கூப்பிடுறன். குரல் வாற பக்கம் முகத்தைத் திருப்புறார். ஆனால் என்னைப் பாக்கிறாரில்லை. எங்கையோ பாக்கிறார்."

கௌசலா கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள். மெயில்கள் முதன்முதலில் திறக்கப்பட்டதும் திங்கட்கிழமைதான் என்று மெயில் பெட்டியில் இருந்த திகதி சொல்லியிருந்தது. அதை வீட்டில் யாருக்கும் அவள் சொல்லவில்லை.

"நீங்கள் கனவு கண்டதுக்காக நான் பொட்டழிக்கேலாது" என்று சொல்லிவிட்டு ஞானேஸ்வரி குசினிக்குள் போய்விட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை கிரியை நடக்கும்" என்றார் சிற்றம்பலம், சுவரைப் பார்த்து. "நீ இருந்தாலும் நடக்கும், இல்லாட்டிலும் நடக்கும்."

கௌசலா சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். அலுவலகம் வரைக்கும் எந்தத் தெருவால் போனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அவளுடைய வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பிறகு குழம்பாதீர்கள். நிறுவனத்தின் மெயில் எல்லாம் வந்து சேருவது வவுனியா அலுவலகத்தின் பின்னறையில் இருக்கும் சேர்வர் என்ற பெரிய கொம்பியூட்டருக்கு. வன்னிக்குள் நிற்பவர்கள் செய்மதித் தொலைபேசியால் அந்தச் சேர்வரைக் கூப்பிட்டு, தங்கள் பெயரையும் பாஸ்வேட் என்ற இரகசியச் சொல்லையும் கொடுத்தால்தான் மெயில் பார்க்கலாம். கொடுத்தவுடன் கதவு திறந்துவிடாது. சேர்வர் முதலில் அழைப்பைத் துண்டித்துவிடும். ஒரு நிமிடம் பொறுத்து, அந்த ஆளுக்கென்று பதிந்து வைத்திருக்கும் இலக்கத்துக்குத் தானே திருப்பி அழைக்கும். கள்ளன் வேறு தொலைபேசியிலிருந்து வந்தால் அகப்படட்டும் என்று செய்த ஏற்பாடு. வெள்ளிக்கிழமைகளில் எல்லாருடைய பெட்டியையும் சீடியில் பதிந்து அலுமாரியில் வைத்துப் பூட்டுவதும், வேலையை விட்டவர்கள், இறந்தவர்கள் பெட்டிகளை மூடுவதும் கௌசலாவின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில்தான் அவள் ஒரு பிழை விட்டாள்.

மார்கழியில் கொழும்பு அலுவலகம் அத்தானின் பெட்டியை மூடச் சொல்லிக் கேட்டது. மூடுவதற்கு முன் காரணம் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும். விலகியவர், இறந்தவர், லீவில் நிற்பவர் என்று மூன்றே மூன்று. காணாமல் போனவர் என்று அங்கே ஒன்றும் இல்லை. 'இறந்தவர்' என்ற இடத்துக்கு மௌசைக் கொண்டுபோனாள். கை வரவில்லை. உடல் காணாத, சாவுத் துடக்குக் காக்காத, அக்கா பொட்டோடு திரிகிற வீட்டில் இருந்து வந்து, தன் விரலால் அத்தானைச் சாகடிப்பதா? வெள்ளிக்கிழமையும் அதுவுமாக? கண்ணை மூடிக்கொண்டு 'லீவில் நிற்பவர்' என்பதை அழுத்திவிட்டாள்.

லீவில் நிற்பவரின் பெட்டி மூடப்படாது. லீவில் நிற்பவரின் தொலைபேசி இணைப்பையும் யாரும் வெட்டமாட்டார்கள்.

அது போதாதென்று, கார்த்திகையிலிருந்தே, அக்கா கேட்டாள் என்று, வேலை முடிந்த பிறகு தன் மேசையிலிருந்து அவருக்கு மெயில் போடவும் விட்டாள். ஆங்கில எழுத்தில் தமிழ். ஒவ்வொரு எழுத்தாய்த் தேடித் தேடி ஞானேஸ்வரி அடிப்பாள். நான் சுகம், அப்பா சுகம், நீங்கள் எங்கே. அனுப்பிவிட்டு, கோயிலில் நேர்த்தி வைத்தவள்போல முகம் தெளிந்து வீட்டுக்குப் போவாள்.

பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கௌசலா சேர்வரின் பதிவைத் திறந்தாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணியை ஒட்டி அழைப்பு வந்திருந்தது. பெயர் தில்லைநாதன். பாஸ்வேட் சரி. சேர்வர் துண்டித்து, திருப்பி அழைத்திருந்தது. அழைத்த இலக்கம், அத்தானோடு தொலைந்துபோன அந்தச் செய்மதித் தொலைபேசிப் பெட்டியின் இலக்கம்.

அது ஒரு சின்னச் சூட்கேஸ் அளவு. மூடியைத் திறந்து வானத்தைப் பார்க்க வைத்து, மடிக்கொம்பியூட்டரோடு தொடுக்கவேண்டும். எரிந்த பிக்கப்புக்குள் இருந்த பெட்டி எப்படி மறுமொழி சொல்லும்? பத்து வருடமாகக் கரண்ட் இல்லாத காட்டுக்குள் அதை யார் சார்ஜ் பண்ணுகிறார்கள்?

பாஸ்வேட்டையாவது கொம்பியூட்டரே சேமித்து வைத்திருக்கும் என்று நினைக்கலாமா? நினைக்க வழியில்லை. சேமிக்கக்கூடாது, ஒவ்வொரு முறையும் கையால் அடிக்கவேண்டும் என்று சட்டம் வைத்தவளே கௌசலாதான். அத்தானின் வாயிலிருந்து வராமல் அது இன்னொருவருக்குப் போக வழியில்லை. சொன்னாரா, சொல்ல வைத்தார்களா?

இன்னொன்றும் இருந்தது. அக்காவின் மெயில் ஒவ்வொன்றும் நாலைந்து வரிதான். ஒரு நிமிடத்தில் வாசித்து முடிக்கலாம். ஆனால் திறந்தவர் ஒவ்வொன்றையும் வெகுநேரம் திறந்தபடி வைத்திருந்தார். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை மாதிரி. அதிலும் ஒரு மெயிலை ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்பத் திறந்திருந்தார். எது என்று கௌசலா பார்த்தாள்.

"கடைசியா நீங்கள் வெளிக்கிட்ட அண்டு கோவத்திலை தேத்தண்ணி போட்டுத் தராமல் விட்டிட்டன். அதை நினைச்சு நினைச்சு அழுறன். வந்து ஒருக்கா ஏசுங்கோ" என்று அக்கா எழுதியிருந்த மெயில் அது.

கௌசலா மேசையில் தலையை வைத்து அழுதாள்.

அழுது முடிக்கக்கூட விடாமல் தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து கதிர்காமநாதன். நிறுவனத்துக் கொம்பியூட்டர் பகுதிக்கெல்லாம் பெரியவர். வன்னிக்கு ஒரு தரமும் வந்ததில்லை, ஆனால் வன்னியைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை.

"கௌசலா, தில்லைநாதன்ரை எக்கவுண்ட் ஏன் இன்னும் திறந்து கிடக்கு? கிழமை முழுக்க அந்தச் செய்மதி இலக்கத்துக்கு உங்கடை சேர்வர் கோல் எடுத்திருக்கு."

"ஓம் சேர். நானும் இப்பதான் பாத்தனான்."

"இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததோடை கன மெசின் திகதி குழம்பிப்போய் நிக்குது. அதாயிருக்கும். இல்லாட்டி ஆரோ அந்தத் தொலைபேசியைக் கண்டெடுத்திட்டினம். ரெண்டிலை எதெண்டாலும் இண்டைக்கு அஞ்சு மணிக்கு முன்னம் மூடுங்கோ. முழுப் பெட்டியையும் சீடியிலை பதிஞ்சு நாளையான் வாகனத்திலை அனுப்புங்கோ. எங்கடை ஆக்கள் எந்தெந்தப் பாதையாலை போகினமெண்ட விசயமெல்லாம் மெயிலிலை கிடக்கு. ஒருத்தருக்கு ஒண்டு நடந்தால் நீங்களே பொறுப்பு?"

அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

"சேர்... அவர் உயிரோடை இருந்தால்?"

மறுபக்கத்தில் ஒரு பெருமூச்சு. "பிள்ளை, உயிரோடை இருக்கிற மனிசன் இவ்வளவு மெயிலையும் வாசிச்சுப்போட்டுப் பெண்சாதிக்கு ஒரு வரி பதில் எழுதமாட்டாரே?"

அவர் வைத்துவிட்டார். கேள்வி மட்டும் வைக்காமல் நின்றது.

சீடி பதியத் தொடங்கியது. கௌசலா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்து மணிக்குப் பெட்டியை மூடினால், அந்தப் பக்கம் இருப்பது யார் என்று இனி ஒருநாளும் தெரியவராது. ஞாயிற்றுக்கிழமை தர்ப்பை உருவம் எரியும். அக்கா காலம் முழுக்க வெறும் நெற்றியோடு இருப்பாள். அந்தப் பக்கம் இருப்பது அத்தானாக இருந்தால் என்ன செய்வது? அத்தான் இல்லாவிட்டால், இன்று அக்காவிடம் சொல்லி ஆசை காட்டிவிட்டு நாளைக்கு அந்த முகத்தில் எப்படி முழிப்பது?

மத்தியானம் வரை தன்னோடு தானே மல்லுக்கட்டினாள். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், அப்பா படுத்திருக்கும் நேரம் பார்த்து, அக்காவைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஞானேஸ்வரி அழுவாள், விழுவாள் என்று பயந்திருந்தாள். ஞானேஸ்வரி ஒன்றும் செய்யவில்லை. "சீலை மாத்திக்கொண்டு வாறன்" என்று மட்டும் சொன்னாள்.

நாலு மணிக்குச் சற்று முன்னர் அக்காவும் தங்கையும் பின்னறையில் இருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே ஏசி குளிரில் ஞானேஸ்வரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மருதாணி நிறத்தில் ஒரு சீலை. அத்தான் எடுத்துக் கொடுத்தது.

"நீ என்ன செய்யப்போறாய்?"

"அங்கையிருந்து கோல் வந்து பாஸ்வேட் குடுத்தவுடனை சேர்வர் வெட்டிப்போடும். திருப்பி எடுக்க ஒரு நிமிசம் பொறுக்கும். அதுக்கிடையிலை நான் மோடத்திலை இருக்கிற வயரைக் கழட்டி இந்த ரெலிபோனிலை கொழுவி, நானே அந்த நம்பரை அடிக்கிறன். மெசினோடை மெசின் கதைக்காமல் ஆளோடை ஆள் கதைக்கலாம்."

"அவர்தான் எடுப்பாரோ?"

"எனக்குத் தெரியாதக்கா."

மோடத்தின் சின்ன விளக்கு மினுங்கியது. பிறகு அந்தச் சத்தம். கௌசலா தினமும் கேட்கிற சத்தம்தான், கீச்சென்று இழுத்து, கரகரத்து, மறுபடி கீச்சென்று. இன்றைக்கு அது அவளுக்கு முள்ளந்தண்டுக்குள் இறங்கியது. ஞானேஸ்வரி காதைப் பொத்திக்கொண்டாள்.

திரையில் பெயர் வந்தது. தில்லைநாதன். பாஸ்வேட் வட்டம் வட்டமாக விழுந்தது, ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று. அடிக்கிற விரலுக்கு அவசரமே இல்லை. சரி என்றது சேர்வர். துண்டித்தது.

கௌசலா வயரைப் பிடுங்கினாள். அவசரத்தில் முதல் தரம் கொழுவுப்படவில்லை. இரண்டாம் தரம் கொழுவி இலக்கத்தை அடித்தாள். வெகுதூரத்தில் மணி போனது. எடுத்தது மனிதர் இல்லை, மெசின். ஒரே விசில்.

ஞானேஸ்வரி அதை யோசிக்கவில்லை. ரிசீவரைப் பறித்து, "இஞ்சருங்கோ... நான் ஞானம் கதைக்கிறன். கேக்குதே?" என்றாள் அந்த விசிலுக்குள். விசில் இழுத்துக்கொண்டே போனது. பிறகு நின்றது. துண்டிக்கப்பட்டது.

"திருப்பி அடி" என்றாள்.

கௌசலா திருப்பி அடித்தாள். இந்தமுறை மணி நெடுநேரம் போனது. பிறகு யாரோ கையால் எடுத்தார்கள். மூச்சு. காற்றுச் சத்தம். எங்கோ ஒரு மயில் அகவியது.

"இஞ்சருங்கோ" என்றாள் ஞானேஸ்வரி. அவளுடைய குரலே வானத்துக்குப் போய்ச் சுற்றி அவளிடமே திரும்பி வந்தது. இஞ்சருங்கோ.

"சொல்லுங்க" என்றது ஒரு பெண்குரல்.

கௌசலா ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டாள். சின்ன வயதுக் குரல். யாழ்ப்பாணத்துப் பேச்சு இல்லை. மலையகத்திலிருந்து வந்து நெடுங்கேணிப் பக்கம் காடு வெட்டிக் குடியிருக்கிற சனத்தின் பேச்சு.

"நீ ஆர் பிள்ளை? இந்தப் பெட்டி உனக்கு எப்பிடி வந்தது?" என்று கேட்டாள் ஞானேஸ்வரி.

"நீங்கதானுங்களா ஞானம் அக்கா?" அந்தக் குரல் தடுமாறியது. "உங்க கடுதாசி எல்லாம் நான்தான் அவருக்குப் படிச்சுக் காட்டுறேன். அவருக்குக் கண்ணு தெரியாதுங்க. செல்லு விழுந்து வெடிச்சதுல போயிருச்சு."

ஞானேஸ்வரி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தாள். கௌசலா அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"உயிரோடை இருக்கிறாரோ? அவர் உயிரோடை இருக்கிறாரோ பிள்ளை?"

"இருக்காருங்க. பக்கத்துலதான் இருக்காரு."

"அப்ப ஏன் எனக்கொரு பதில் போடேல்லை? ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நான் எழுதுறேன்னுதான் சொன்னேன். அவரு விடலீங்க. சும்மா படிச்சு மட்டும் காட்டு, நான் இருக்கிறதா சொல்லிடாதேன்னு சொல்லிட்டாரு."

"குடு அவரிட்டை. கதைக்கச் சொல்லு. ஒரு சொல்லுக் கதைக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் ரிசீவரைக் கையால் பொத்தினார்கள். கௌசலா மூச்சையடக்கிக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. மயில் மட்டும் இன்னொருமுறை.

"மாட்டேங்கிறாருங்க."

ஞானேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பேசிய குரல், கௌசலா பிறந்ததிலிருந்து கேட்ட அக்காவின் குரல் இல்லை. அவ்வளவு நிதானம்.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே அவரிட்டைச் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை அப்பா அவருக்குக் கிரியை செய்யப்போறார். தர்ப்பையிலை உருவம் செய்து எரிக்கப்போறார். அதோடை என்ரை பொட்டும் போகும், தாலியும் போகும். நான் என்ன செய்ய? பொட்டை அழிக்கவோ, விடவோ? அதை மட்டும் கேட்டுச் சொல்லு. வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

மறுபடியும் பொத்தினார்கள். இந்தமுறை வெகுநேரம். ஏசியின் இரைச்சலும் இரண்டு பேரின் மூச்சும்தான் அறைக்குள் கேட்டன. கௌசலா குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். ஒரு ஆண்குரல், ஒரு இருமல், ஒரு செருமல், ஏதாவது ஒன்று காதில் விழட்டும் என்று மன்றாடினாள்.

கை எடுபட்டது.

"அழிச்சிடச் சொல்றாருங்க" என்றாள் அந்தப் பெண்.

இணைப்பு அறுந்தது.

ஞானேஸ்வரி ரிசீவரை வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே இருந்தாள். கௌசலா "அக்கா... அக்கா..." என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றாள். முன்னறைத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. கொழும்பாகத்தான் இருக்கும்.

"கௌசி" என்றாள் ஞானேஸ்வரி. "நீயும் காதை வைச்சுக் கேட்டுக்கொண்டுதானே நிண்டனி? உண்மையைச் சொல்லு. அவரின்ரை குரல் உனக்குக் கேட்டதே?"

"இல்லையக்கா."

"எனக்கும் கேக்கேல்லை."

அவள் எழும்பிச் சீலையைச் சரிசெய்துகொண்டாள்.

"அந்தப் பெட்டை சொல்லி நான் பொட்டழிக்கமாட்டன். அவர் தன்ரை வாயாலை சொல்லட்டும். அவளின்ரை பேச்சு நெடுங்கேணிப் பக்கத்துப் பேச்சு. அங்கை போறதுக்கு இப்ப எந்தப் பாதை திறந்திருக்கு?"